பழுப்புப் பொம்மையும் பதினாறு வயதுப் பெண்ணும்: கறுப்பர் உளவியல் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

நம்மைப் பற்றி அக்கறையாகப் பேசுகிறவர்கள் கையில் ஒரு சொல் எப்பவும் தயாராக இருக்கிறது: தாழ்வு மனப்பான்மை. வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் தாழ்வு மனப்பான்மை. எழுந்து கேள்வி கேட்டால் அதுவும் தாழ்வு மனப்பான்மைதான், வேற மாதிரி வெளியே வருதாம். சாதியைச் சொல்லாமல் மறைத்தால் அது. பகிரங்கமாகச் சொல்லிவிட்டு மேடை ஏறினால் ‘இன்னும் அதுலேருந்து வெளியே வரலியே’ என்று ஓர் அங்கலாய்ப்பு. ஆக எப்படிப் பார்த்தாலும் நோயாளி நாம், வைத்தியர் அவர்கள்.

ஒடுக்கப்பட்ட மக்களின் மனசை யார் அளந்தார்கள், எதற்காக அளந்தார்கள், அளந்து எடுத்ததை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் போனால் அமெரிக்கக் கறுப்பர்களின் உளவியல் வரலாற்றில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே இது ஆரம்பத்திலிருந்து வழக்காக, வாதாட்டமாக, தெருப் போராட்டமாக நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதியும் இனமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் ‘சாதி வேறு, இனம் வேறு, சாதியைப் பற்றி இங்கே பேசக்கூடாது’ என்று இந்திய அரசு அடம் பிடித்தது. அது தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னது. நாம் வேறு காரணத்துக்காக வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பருக்குத் தோல் முன்னால் போய் அறிமுகம் செய்துவிடுகிறது. நமக்குத் தெருவும் பேரும் சர்டிபிகேட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. அதனால் மனசுக்குள் நடக்கும் காரியங்களும் கொஞ்சம் வித்தியாசப்படும். வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டே படிப்போம்.

2

மேமி ஃபிப்ஸ் 1917இல் ஆர்கன்சா மாநிலம் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு கறுப்பு மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். கென்னத் கிளார்க் 1914இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர். வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பழக்கமாகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1938இல் பட்டம் முடித்ததும் மேமி, வில்லியம் ஹூஸ்டன் என்ற கறுப்பு வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இன ஒதுக்கலுக்கு எதிரான வழக்குகள் உருவாகிக்கொண்டிருந்த இடம் அது. சட்டத்தை எதிர்த்து ஏதாவது செய்ய முடியும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வந்திருக்கிறது.

1939இல் ஹோவர்டில் மேமி எழுதிய முதுகலை ஆய்வேடு, பள்ளிக்கூடம் போகாத வயதிலுள்ள நீக்ரோக் குழந்தைகளிடம் தன்னைப் பற்றிய பிரக்ஞை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியது. பொம்மை ஆய்வை உலகம் கென்னத் கிளார்க் பேரில்தான் பேசுகிறது. அதன் வேர் இந்தப் பெண்ணின் ஆய்வேட்டில் இருக்கிறது. இது மேமியின் வேலை, நான் இடையில் வந்து சேர்ந்துகொண்டவன் என்று கென்னத்தே பின்னால் சொன்னார். பெண்களின் உழைப்பு ஆண்களின் பெயரில் வரவு வைக்கப்படுவது எல்லா விடுதலை வரலாறுகளிலும் நடப்பதுதான். நம்முடையதும் விலக்கில்லை.

இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்கள், கென்னத் 1940இல், மேமி 1943இல். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா. மேமி தன் நெறியாளராகத் தேர்ந்தெடுத்தது ஹென்றி கேரட் என்பவரை. கறுப்பர்களுக்கு அறிவுத்திறன் பிறவியிலேயே குறைச்சல் என்று நம்பிய ஆள். தெரிந்தேதான் அவரிடம் போய்ச் சேர்ந்தார். இந்தக் கேரட் மறுபடியும் வருவார், மறந்துவிட வேண்டாம்.

ஆய்வு இப்படி நடந்தது. நான்கு பொம்மைகள். அச்சு ஒன்றே. இரண்டுக்குப் பழுப்பு நிறம், கறுப்பு முடி. இரண்டுக்கு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்புக் குழந்தைகள். அவர்களில் 134 பேர் தெற்கே ஆர்கன்சாவில், கறுப்பருக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். நீ விளையாட ஆசைப்படுற பொம்மையைக் கொடு, நல்ல பொம்மையைக் கொடு, பார்க்க மோசமா இருக்கிற பொம்மையைக் கொடு, நல்ல நிறத்துல இருக்கிறதைக் கொடு என்று வரிசையாகக் கேட்டார்கள். பிறகு வெள்ளைப் பிள்ளை மாதிரி இருப்பது எது, கறுப்புப் பிள்ளை மாதிரி இருப்பது எது. கடைசியாக, உன்னை மாதிரி இருக்கிற பொம்மையைக் கொடு.

67 சதவீதம் பேர் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். 59 சதவீதம் பேர் அதுதான் நல்ல பொம்மை என்றார்கள். 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மைதான் மோசம் என்று கொடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு 66 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மையையும் 33 சதவீதம் பேர் வெள்ளைப் பொம்மையையும் எடுத்தார்கள். மோசம் என்று தானே சொல்லிக் கொடுத்த பொம்மையை, இதுதான் நான் என்று திரும்பவும் எடுத்துக் கொடுக்க வேண்டும். வடக்கே சில குழந்தைகள் இந்த இடத்தில் அழுதுகொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். 1947இல் முடிவுகள் அச்சாயின. அதற்கு முந்திய வருஷமே, 1946இல், கிளார்க் தம்பதி ஹார்லெமில் குழந்தைகளுக்கான நார்த்சைடு மையத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

3

தென் கரோலினா மாநிலத்தில் கிளாரெண்டன் என்று ஒரு மாவட்டம். பருத்திக் காடு. 1940களின் கடைசியில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் குழந்தை ஒன்றுக்கு வருஷத்துக்கு 179 டாலர் செலவழித்த அரசு, கறுப்புக் குழந்தைக்கு 43 டாலர் செலவழித்தது. பெற்றோர் முதலில் கேட்டது ஒரே ஒரு பஸ். தரமாட்டேன் என்றார்கள். கேட்கிறதுதான் கேட்கிறோம், முழுசாகக் கேட்போம் என்று வழக்குப் போட்டார்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர், வேலை போனது. விடுதியில் வேலை செய்த அவர் மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. ஆட்களைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலெய்னின் வீடு எரிக்கப்பட்டது, பின்னால் அவர் சர்ச்சும் எரிக்கப்பட்டது. இதையெல்லாம் வாசிக்கும்போது வேறு நாட்டு வரலாறு என்ற நினைப்பே வருவதில்லை.

கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுக்கு ஒரு சிக்கல். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், தனித்தனியாக வைக்கலாம், சமமாக வைத்தால் போதும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. நாளைக்கே அரசு நல்ல கட்டடம் கட்டி, பஸ்ஸும் விட்டுவிட்டால் வழக்கு முடிந்துபோகும். அதனால், பிரித்து வைப்பதே குழந்தையைக் காயப்படுத்துகிறது, கட்டடம் தங்கத்தில் இருந்தாலும் காயப்படுத்துகிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மார்ஷலின் சகா ராபர்ட் கார்ட்டர் கென்னத் கிளார்க்கைப் போய்ப் பார்த்தார். பொம்மையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவதா என்று வழக்கறிஞர்களிலேயே கேலி செய்தவர்கள் உண்டு. 1951இல் கிளார்க் பொம்மைகளோடு கிளாரெண்டனுக்குப் போய் 6 முதல் 9 வயது வரையுள்ள 16 பிள்ளைகளைச் சோதித்தார். 10 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். 11 பேர் பழுப்புப் பொம்மையை மோசம் என்றார்கள்.

கிளாரெண்டன் வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்றது. பிறகு வேறு நான்கு வழக்குகளோடு சேர்ந்து உச்சநீதிமன்றத்துக்குப் போய், 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் பிளெஸ்ஸி தீர்ப்பைப் பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றார்கள். பிரௌன் வழக்கு என்று உலகம் அறிந்தது இதைத்தான். பிரித்து வைப்பதால் கறுப்புக் குழந்தையின் மனசில் தாழ்வுணர்ச்சி உண்டாகிறது என்று தீர்ப்பு சொன்னது. அதற்கு ஆதாரம் காட்டும் 11ஆம் அடிக்குறிப்பில் முதல் பெயராகக் கிளார்க்கின் 1950ஆம் ஆண்டுக் கட்டுரை நிற்கிறது.

அந்த ஐந்து வழக்குகளில் ஒன்று வர்ஜீனியா மாநிலம் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்திலிருந்து வந்தது. 1952இல் அந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக, இன ஒதுக்கலை ஆதரித்துக் கூண்டில் ஏறியவர் ஹென்றி கேரட். மேமியின் அதே நெறியாளர். 1946இல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். எதிர்த் தரப்பில் கென்னத் கிளார்க். கறுப்புக் குழந்தையின் மனசு காயப்பட்டிருக்கிறதா இல்லையா என்று நிபுணர்கள் இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள்.

இந்த வழக்கு எப்படிப் பிறந்தது என்பதைப் பாருங்கள். அந்த மாவட்டத்தின் கறுப்பு உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 450க்கும் மேல் படித்தார்கள். இடம் போதாததற்கு தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது நிர்வாகம். மழையில் ஒழுகும். 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளையெல்லாம் அரங்கத்தில் கூட்டி, வேலைநிறுத்தம் என்று அறிவித்தவள் பார்பரா ஜான்ஸ். வயது 16. பெரியவர்களைக் கேட்கவில்லை. வழக்கறிஞர்களுக்கு அந்தப் பிள்ளைகள்தான் கடிதம் எழுதி வரவழைத்தார்கள். நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், இன ஒதுக்கலையே எதிர்த்துப் போடுவதானால் வருகிறோம் என்றார்கள் வழக்கறிஞர்கள். சரி என்றார்கள் பிள்ளைகள்.

கோர்ட்டுக்குள் காயப்பட்ட மனசு. கோர்ட்டுக்கு வெளியே அந்த வழக்கையே உண்டாக்கிய 16 வயசுப் பெண். பொம்மைக் கணக்கில் இவளை எங்கே வைப்பது? தீர்ப்பில் இவளைப் போன்றவர்களுக்கு இடம் இல்லை. கருணை காட்டப்பட வேண்டிய குழந்தைக்குத்தான் இடம் இருந்தது. தீர்ப்பு வந்த பிறகும், சேர்ந்து படிக்க வைக்க மாட்டோம் என்று பிரின்ஸ் எட்வர்ட் மாவட்ட நிர்வாகம் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளை எல்லாம் இழுத்து மூடியது. வெள்ளையர் தங்களுக்குத் தனியார் பள்ளி வைத்துக்கொண்டார்கள். இதில் எந்தத் தரப்புக்கு மனநோய் என்று எந்த அடிக்குறிப்பும் சொல்லவில்லை.

4

எண்களைத் திரும்பப் படித்தவர்கள் பின்னால் வந்தார்கள். முதலில், தெற்கையும் வடக்கையும் பிரித்துப் பார்த்தால், ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்த தெற்குப் பிள்ளைகளில் 62 சதவீதமும், கலந்து படித்த வடக்குப் பிள்ளைகளில் 72 சதவீதமும் வெள்ளைப் பொம்மையை விளையாட எடுத்தார்கள். பழுப்பை மோசம் என்றவர்கள் தெற்கே 49 சதவீதம், வடக்கே 71 சதவீதம். இதைப் பிடித்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, பிரித்து வைத்ததுதான் நல்லது’ என்று இன ஒதுக்கல்காரர்கள் கோர்ட்டில் வாதாடினார்கள். கிளார்க்கின் விளக்கம் வேறு: தெற்குப் பிள்ளைகள் தங்கள் நிலையை விதி என்று ஏற்கப் பழகிவிட்டார்கள், வடக்கில் அந்தக் காயம் இன்னும் ஆறாமல் வலிக்கிறது. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவில், வெள்ளை வாத்தியாரின் கண்பார்வையில் உட்கார வைப்பதை மட்டும் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. பிரௌன் தீர்ப்புக்குப் பிறகு தெற்கே பள்ளிகள் கலந்தபோது, ஆயிரக்கணக்கான கறுப்பு ஆசிரியர்களை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள், வாத்தியார்களைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது, வெள்ளைப் பொம்மையை ‘என்னை மாதிரி’ என்று எடுத்த 33 சதவீதத்தில் பலர் வெளிர் நிறத் தோல் கொண்ட பிள்ளைகள். வெளிர் நிறப் பிள்ளைகளில் 20 சதவீதம் பேர்தான் பழுப்பை எடுத்தார்கள். கருத்த பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைக் குழந்தை சரியாகச் சொல்லியிருக்கிறது. அதைச் சுயவெறுப்புக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் பெரியவர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். வெள்ளைப் பொம்மை அழகு என்று ஒரு குழந்தை சொன்னால், அது தன்னையே வெறுக்கிறது என்று அர்த்தமா? வில்லியம் கிராஸ் என்ற கறுப்பு உளவியலாளர் 1991இல் வெளிவந்த நூலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். தன்னைப் பற்றிய மதிப்பு ஒன்று. தன் கூட்டத்தைப் பற்றி உலகம் சொல்லிக்கொடுத்த பாடம் இன்னொன்று. சமூகத்தின் விலைப்பட்டியல் குழந்தைக்குத் தெரியும். எந்த நிறத்துக்கு என்ன விலை என்று அதனிடம் கேட்டார்கள், அது சொன்னது. வீட்டில் அம்மா மடியில் அது ராசாவாகவே இருந்திருக்கலாம். கறுப்புக் குழந்தைகளின் சுயமதிப்பை நேரடியாக அளந்த ரோசன்பெர்க், சிம்மன்ஸ் ஆய்வு (1971) அது வெள்ளைக் குழந்தைகளைவிடக் குறைவாக இல்லை என்றே காட்டியது. ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் எழுந்த பிறகு நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில் பொம்மைச் சோதனையைத் திரும்ப நடத்தினார்கள். 1970இல் முடிவு வந்தது. பெரும்பாலான கறுப்புக் குழந்தைகள் கறுப்புப் பொம்மையை எடுத்தார்கள். பொம்மை அதே பொம்மைதான், நடுவில் ஓர் இயக்கம் நடந்திருந்தது. எழுதிவைத்தாற்போல் அப்படியே நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் கிரி டேவிஸ் என்ற கறுப்பு மாணவி ஹார்லெமில் இதையே படமாக்கியபோது 21 குழந்தைகளில் 15 பேர் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். இயக்கம் ஓய்ந்தால் விலைப்பட்டியல் பழையபடி சுவரில் ஏறிவிடுகிறது.

இந்தக் கிராஸ் 1971இல் எழுதிய முதல் கட்டுரை ‘நீக்ரோ’ எப்படிக் ‘கறுப்பர்’ ஆகிறார் என்பதைப் பற்றியது. அது பிளாக் வேர்ல்டு என்ற கறுப்பு இலக்கிய, அரசியல் மாத இதழில் வந்தது. முன்னால் நீக்ரோ டைஜஸ்ட் என்ற பேரில் வந்துகொண்டிருந்த பத்திரிகை. 1970இல்தான் பேரை மாற்றிக்கொண்டது. பத்திரிகையே ‘நீக்ரோ’விலிருந்து ‘கறுப்பு’க்கு மாறிய அடுத்த வருஷம் இந்தக் கட்டுரை. பேர் விஷயத்தில் நம் முன்னோர் இதற்கு வெகு காலம் முன்பே இரண்டு வழியிலும் நடந்திருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். திட்டப் பயன்பட்ட பேரைப் பிடுங்கிக் கொடியாக்குவது ஒரு வழி. அந்தப் பேர் எங்களுடையதே இல்லை என்று வேறு வரலாறு எழுதுவது இன்னொரு வழி.

கிராஸ் சொன்ன படிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதலில், நிறம் ஒரு பொருட்டில்லை என்றோ வெள்ளையே மேல் என்றோ இருக்கும் காலம். அடுத்து எதிர்ப்படல், மூஞ்சியில் அறைகிற மாதிரி ஒன்று நடக்கும். பிறகு மூழ்கல், எல்லாம் கறுப்பாக வேண்டும், வெள்ளை என்றாலே வெறுப்பு. அதிலிருந்து மெல்ல மேலெழுதல். கடைசியில் உள்வாங்கல், தன் அடையாளத்தில் நிம்மதியாக நின்றுகொண்டு மற்றவர்களோடும் பேச முடிகிற நிலை, அதை நீண்ட காலப் பொதுவேலையாக மாற்றுவது.

மால்கம் எக்ஸ் வாழ்க்கை இதற்கு நன்றாகப் பொருந்தும். மிச்சிகனில் வெள்ளைப் பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்த பையன். வக்கீலாக ஆசை என்றான். உன் இனத்துக்கு அது நடக்காது, தச்சு வேலை கற்றுக்கொள் என்றார் வாத்தியார். பிறகு பாஸ்டனில் காரத்தைத் தலையில் கொட்டி முடியை நேராக்கிக்கொண்ட காலம். 1946இல் சிறை. உள்ளே நடந்த வாசிப்பு, மதமாற்றம், அடிமைப் பேரைத் தூக்கிப்போட்டு வைத்துக்கொண்ட எக்ஸ். 1964இல் மெக்கா. 1965 பிப்ரவரி 21இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39. நம்மிடத்தில் பாமாவின் ‘கருக்கு’ (1992) வாசித்தவர்களுக்கு எதிர்ப்படல் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பலகாரப் பொட்டலத்தைச் சரட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற பெரியவரைப் பார்த்துச் சிரிக்கும் சிறுமி, அண்ணன் சொன்னதும் சிரிப்பை நிறுத்துகிறாளே, அதுதான்.

மூழ்கல் கட்டத்தைப் பற்றிக் கிராஸ் எச்சரித்தது நமக்கும் ஆகும். உக்கிரமும் கலையும் பிறப்பது அங்கேதான். யாரு அசல், யாரு போலி என்று ஒருத்தரை ஒருத்தர் சோதித்துக்கொண்டு இயக்கம் உடைவதும் அங்கேதான். யார் எழுதினால் தலித் இலக்கியம் என்று நாம் போட்ட சண்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சண்டை தேவைப்பட்டது. அதிலேயே குடியிருக்க முடியாது.

5

இந்தப் படிகளைக் கல்லூரிப் பையன்களை வைத்தே பெரும்பாலும் ஆராய்ந்தார்கள். இருபது வயசில் ஏணியின் உச்சியில் ஏறிவிட்டால் அப்புறம் என்ன? தாமஸ் பரம் என்பவர் 1989இல் எழுதிய கட்டுரையில் இதைக் கேட்டார். ஏணி என்பதே சரியில்லை, இது சுழற்சி, வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் புது அடி விழும், பழைய படிகளை வேறு வயசில், வேறு அர்த்தத்தில் திரும்ப ஏற வேண்டியிருக்கும் என்றார். முதுமையையும் சேர்த்துத்தான் சொன்னார்.

டபிள்யூ.இ.பி. துபாய்ஸ் வாழ்க்கையை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1868இல் மாசசூசெட்ஸில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளியில் பிள்ளைகள் அறிமுக அட்டைகளை விளையாட்டாக மாற்றிக்கொள்ளும்போது, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் இவர் அட்டையை மட்டும் வாங்க மறுத்தாள். தனக்கும் உலகத்துக்கும் நடுவே ஒரு திரை இருப்பது அன்றைக்குத் தெரிந்தது. 1885இல் தெற்கே ஃபிஸ்க் கல்லூரிக்குப் போனபோது இத்தனை கறுப்பர்களை ஒரே இடத்தில் பார்த்த சந்தோஷம். 1903இல் இரட்டைப் பிரக்ஞை என்ற கருத்தை எழுதினார், தன்னைத் தன் கண்ணாலும் தன்னை இகழ்கிறவன் கண்ணாலும் ஒரே சமயத்தில் பார்க்க நேர்கிற அவஸ்தை. 1910இல் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் கிரைசிஸ் இதழைத் தொடங்கி இன ஒதுக்கலை எதிர்த்து எழுதினார். 1934இல், வெள்ளையன் சேர்த்துக்கொள்வான் என்று காத்திருக்காமல் கறுப்பர் தங்களுக்கென்று பொருளாதார அமைப்புகளைக் கட்ட வேண்டும் என்று எழுதி, சங்கத்தோடு மோதி வெளியேறினார். அப்போது வயது 66. 1951இல், 82 வயதில், அந்நிய ஏஜெண்ட் என்று வழக்குப் போட்டார்கள். வென்றார். 1961இல், 93 வயதில், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டு கானாவுக்குக் குடிபோனார். 1963 ஆகஸ்ட் 27இல் அக்ராவில் இறந்தார். மறுநாள் வாஷிங்டன் பேரணி.

இந்த மனிதருக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். துபாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்று. படிப்பும் பதவியும் ஏறஏறத் திரை விலகும் என்ற நம்பிக்கையை அனுபவம் பொய்யாக்கியது. அம்பேத்கர் தன் அனுபவங்களைச் சொல்லும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ 1901இல், அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குப் போகும் வழியில் வண்டியும் தண்ணீரும் மறுக்கப்பட்ட சிறுவனோடு தொடங்குகிறது. கொலம்பியாவில் படித்துத் திரும்பியவரைப் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டுகிறார்கள். 1934இல், தலைவராகி ஊரறிந்த பிறகு, தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் கை கால் கழுவியதற்குச் சண்டை. ஒரே அடிதான், ஒவ்வொரு வயசிலும் விழுகிறது. வாங்குகிற மனிதர் வேறாகியிருக்கிறார், அவர் அதை வைத்துச் செய்கிற காரியம் வேறாகியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த வரைக்கும் இது சரிதான். ஆரம்பப் பள்ளியில், ஸ்காலர்ஷிப் ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க’ என்று வாத்தியார் சொன்னபோது எழுந்து நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. கல்லூரி போனபோது ஆதிதிராவிடர் விடுதியில் நாங்கள் கும்பலாகத்தான் திரிந்தோம். ஏன் நீங்க மட்டும் தனியா சேர்ந்துக்கிறீங்க என்று கேட்பார்கள். பெவர்லி டேனியல் டேட்டம் 1997இல் எழுதிய நூலின் தலைப்பே, சாப்பாட்டு அறையில் கறுப்புப் பிள்ளைகள் ஏன் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விதான். வெளியே வாங்கின அடியைப் புரிந்துகொள்ளும் கூட்டாளி அந்த மேசையில்தான் கிடைக்கிறான் என்பது அவர் பதில். எங்கள் விடுதித் திண்ணையும் அப்படித்தான் இருந்தது. பிறகு வேலை, கல்யாணம், மேடை, எழுத்து எல்லாம் ஆன பிறகு, ஐம்பது வயசில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ‘சொந்த ஊரு எது, ஊர்ல எந்தப் பக்கம்?’ என்றார் வீட்டுக்காரம்மா. ஊர் பேரையும், சேரிப் பக்கம் என்பதையும் சத்தமாகவே சொன்னேன். வீடு கிடைக்கவில்லை. சின்ன வயசில் நின்றபோது உடம்பு கூசியது. இப்போது கூசவில்லை, கோபம் வந்தது. ராத்திரி உட்கார்ந்து எழுத முடிந்தது. அடி குறையவே இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

6

கடைசியாக ஒன்று. 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிளார்க், பாகுபாடு வெள்ளைக் குழந்தையின் மனசை எப்படிக் கெடுக்கிறது என்பதையும் எழுதியிருந்தார். நியாயம் பேசிக்கொண்டே அநியாயம் செய்யப் பழகும் பிள்ளைக்கு உண்மையோடு உறவு அறுந்துபோகிறது. நீதிமன்றம் கறுப்புக் குழந்தையின் காயத்தை எடுத்துக்கொண்டது, இந்தப் பாதியை விட்டுவிட்டது. கிளார்க் பின்னால் இதைக் குறையாகச் சொன்னார். 1984இல் ஜேனட் ஹெல்ம்ஸ் என்ற கறுப்புப் பெண் உளவியலாளர் அந்தப் பாதியைக் கையில் எடுத்து, வெள்ளையர் தங்கள் வெள்ளைத்தனத்தை எப்படி உணர்கிறார்கள், எங்கே திகைக்கிறார்கள், எந்த இடத்தில் குற்றவுணர்ச்சி தாங்காமல் மறுபடி பழைய வெறுப்புக்கே திரும்புகிறார்கள் என்று படிகளாக எழுதினார். கேரட் உட்கார்ந்த நாற்காலியில், உளவியல் சங்கத் தலைவராக, 1971இல் கென்னத் கிளார்க் உட்கார்ந்தார். அந்தச் சங்கம் இனவெறியில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

நம்மிடம் தன்வரலாறுகள் வந்துவிட்டன. சாட்சியங்கள் குவிந்துவிட்டன. அவற்றை வாசித்து, ஐயோ பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கிளாரெண்டன் பொம்மைகளுக்கு நடந்ததும் இதுதான். வழக்கு ஜெயித்தது, காயப்பட்டவன் என்ற பட்டம் நிலைத்தது. அதனால் எழுதும் தோழர்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறேன். நம் குழந்தைகளின் அவமானத்தை எழுதும்போது, பார்பரா ஜான்ஸ் மாதிரி நம் ஊரில் எழுந்து நின்ற பிள்ளைகளையும், ஐம்பதிலும் எழுபதிலும் திரும்பத் திரும்ப அடிவாங்கித் திரும்பத் திரும்ப எழுந்தவர்களையும் சேர்த்து எழுதுங்கள். கிழவர் கிழவிகளிடம் போய்க் கேளுங்கள், அவர்கள் சொல்ல ஆளில்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, சாதி இந்துக் குழந்தைக்கு எந்த வயசில், யார், எப்படிச் சொல்லிக்கொடுத்து அது நம் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் போகிறது என்பதை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அந்த ஆய்வேடு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதற்கு 253 குழந்தைகளைத் தேட வேண்டியதில்லை. ஒரு தெருவே போதும்.